பில்லில் ஐ7-12700, பெட்டிக்குள் 12700எஃப்: ஓர் எழுத்துக்காக வழக்குப் போடலாமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 10 கிழமைக்கு முன் நகரிலுள்ள கடையொன்றில், என்ன வேலைக்கு என்று வட்ஸ்அப்பில் விளக்கிச் சொல்லி, 385,000 ரூபாவுக்குக் கணினி வாங்கினேன். பில்லில் ‘கோர் ஐ7-12700, ஆர்.டி.எக்ஸ் 3060’ என்றிருக்கிறது. சோனி கமராவின் 4கே 10-பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் வடிவம்) காட்சிகள் பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் திக்கித் திக்கி ஓடுகின்றன. எக்ஸ்போர்ட் செய்யும்போது சிலவேளை கணினியே நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது 12700எஃப் என்கிறார் நண்பர். கடையில் கேட்டால், “விற்ற சாமான் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லிலேயே போட்டிருக்கு” என்கிறார்கள். காசைத் திரும்ப வாங்கலாமா?

பதில்: உங்களிடம் இரண்டு முறைப்பாடுகள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்துவிடாதீர்கள். ஒன்று வலுவானது. மற்றது உங்கள் வீட்டுப் பிழையாகவும் இருக்கலாம்.

வலுவானது அந்த எழுத்து. 12700 புரொசசரில் இன்டெல்லின் யு.எச்.டி 770 கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. எஃப் போட்டதில் அது இல்லை, விலையும் குறைவு. உங்கள் வேலைக்கு அதுதான் உயிர்நாடி: எச்.265 முறையில் சுருக்கிய 10-பிட் 4:2:2 காட்சியை ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்ட் வன்பொருளில் விரிக்காது, உள்ளக கிராபிக்ஸோடு வரும் இன்டெல்லின் குவிக் சிங்க் என்ற வீடியோப் பகுதி விரிக்கும். அது இல்லாததால் முழுச் சுமையும் புரொசசர் கோர்களில் விழுகிறது. திக்கலுக்கு அதுவே காரணமாகலாம்.

நண்பர் சொன்னதை மட்டும் நம்பிக் கடிதம் எழுத வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்தால் புரொசசரின் முழுப் பெயர் வரும். அதைத் திகதி தெரியும்படி படம் எடுங்கள். கூலரைக் கழற்றிப் பார்க்கப் போகாதீர்கள். வாரண்டி ஸ்டிக்கர் கிழிந்தால் கடைக்காரருக்கு நீங்களே ஒரு சாட்டுக் கொடுத்ததாகிவிடும். எஃப் இல்லாமல் வெறும் 12700 என்றே வந்தால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) உள்ளக கிராபிக்ஸ் அணைந்து கிடக்கலாம். அதை இயக்கினால் போதும், வழக்கே இல்லை.

இன்னொரு பொறி கமராவில். சோனியில் எக்ஸ்.ஏ.வி.சி எச்.எஸ் என்றால் எச்.265. வெறும் எக்ஸ்.ஏ.வி.சி எஸ் என்றால் எச்.264, அதன் 10-பிட் 4:2:2 வடிவத்தை இந்தத் தலைமுறைக் குவிக் சிங்க்கும் விரிக்காது. நீங்கள் பதிவு செய்வது பின்னதானால், “சரியான புரொசசர் போட்டிருந்தாலும் திக்கியிருக்கும்” என்று எதிர்த்தரப்பு சொல்லும், அதில் நியாயமும் இருக்கும். அப்போதும் பில்லுக்கு மாறான பொருள் தந்த குற்றம் நிற்கும். தொழில் நட்டம் கேட்பதுதான் பலவீனப்படும்.

இனிச் சட்டம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, விவரணம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும். பில்தான் விவரணம். 15ஆம் பிரிவு, வாங்குபவர் தன் தேவையைச் சொல்லி விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அத்தேவைக்குத் தகுந்திருக்க வேண்டும் என்கிறது. குறித்த வர்த்தகப் பெயரைச் சொல்லி, “இதுதான் வேண்டும்” என்று கேட்டு வாங்கியவருக்கு இந்தத் தகுதி நிபந்தனை கிடைக்காது. ஆகவே உங்கள் வட்ஸ்அப் செய்திகள் பில்லளவு பெறுமதியானவை. கைபேசியை மாற்றுமுன் பிரதி எடுத்து வையுங்கள். பில்லின் அடியிலுள்ள வரி, மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வருபவருக்குச் சொன்னது. எழுதியது ஒன்று, தந்தது வேறொன்று என்ற நிலைக்கு அது மருந்தல்ல.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழான முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று கிழமைதான். தொலைபேசியில் அதிகார சபையின் 1977ஐ அழைத்துப் பேசியதோடு நின்றுவிடாதீர்கள். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் பாவனையாளர் அல்ல என்று கடைக்காரர் வாதிடலாம். அச்சட்டம் விலை கொடுத்துப் பொருளைப் பயன்படுத்தும் எவரையும் பாவனையாளராகவே கொள்கிறது. விசாரித்தபின் பொருளை மாற்றித்தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம்.

முதலில் கடைக்குப் பதிவுத் தபாலில் 7 நாள் தவணையிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் முழுப் பணத்தையும் கேட்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. 10 கிழமை பாவித்த பொருளை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்ற வாதம் எளிதில் எழும். “எஃப் இல்லாத 12700ஐப் பூட்டித் தரவும்” என்று கேளுங்கள். அதே சொக்கெட், அதே போர்ட், ஒரு மணி நேர வேலை. கடைக்காரருக்கும் இறங்கிவர வழி இருக்கும்.

கணினி நின்றுபோவதற்கு வருவோம். 650 வி.ஏ யு.பி.எஸ் பாவிக்கிறீர்களா? அவற்றில் பல 360 முதல் 390 வாட்தான் தாங்கும். இந்தப் புரொசசர் உச்சத்தில் 180 வாட், கிராபிக்ஸ் கார்ட் 170 வாட். போர்ட், டிஸ்க், மொனிட்டர் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். யு.பி.எஸ் இல்லாமல் நேரே சுவர் பிளக்கில் போட்டு, அதே எக்ஸ்போர்ட்டை மூன்று முறை செய்து பாருங்கள். அப்போதும் நீலத்திரை ஏதும் வராமல் பட்டென்று அணைந்து, விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கேர்னல் பவர் 41’ மட்டும் பதிவானால் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். 3060க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் சப்ளை. பில்லில் எத்தனை வாட் என்று பார்த்தபின், அதைத் தனி முறைப்பாடாக எழுதுங்கள்.

இதற்கிடையில் புரொக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல் காட்சிகள்) உருவாக்கி வேலையைத் தொடருங்கள். நட்டத்தைக் குறைக்க முயலாதவருக்கு நீதிமன்றம் முழு நட்டத்தையும் தராது. அதிகார சபையில் தீராவிட்டால் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்.