சிலிண்டர் ஹெட் குடைவது: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டுக் கராஜில் முப்பது வருஷமாக ஹெட் (கார் எஞ்சினின் மேல்மூடி) குடைகிறேன். போர்ட்டிங், அதாவது ஹெட்டுக்குள் காற்றும் புகையும் போகும் வழியை (போர்ட்டை) அரைத்துச் சீராக்குவது பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்.

அண்ணே, சிட்டி கோல்ஃப் கார் ஹெட்டைக் கழற்றிவிட்டேன். எங்கே தொடங்க? (ஃபீனிக்ஸ்)

போர்ட் வாயில் கை வைக்காதே தம்பி. கண்ணுக்குத் தெரிவது அதுதான் என்று எல்லாரும் அங்கேதான் தொடங்குவார்கள். ஆதாயம் இருப்பது வால்வு சீட்டுக்கு (வால்வு வந்து உட்கார்ந்து மூடும் வளையம்) ஒட்டிய குழியில். விரலை விட்டுத் தடவிப் பார்; சீட் வளையமும் வார்ப்பும் சேருமிடத்தில் ஒரு படி தட்டும். அதைக் கரைத்தாலே பாதி வேலை முடிந்தது. அடுத்தது காற்று திரும்பும் உள்வளைவு. முனை கூராக இருந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும். முனையை உருட்டு, தளத்தைத் தாழ்த்தாதே. நான் ஒருமுறை தாழ்த்தினேன். கிரைண்டர் சத்தம் கீச்சென்று மாறியது, காதில் வாங்கவில்லை. ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. பின்னால் தண்ணீர் ஜாக்கெட், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை! அந்த ஹெட் இப்போது கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

முகமூடி, கண்ணாடி போட்டாயா?

இன்டேக் போர்ட்டை (காற்று உள்ளே வரும் வழி) கண்ணாடி மாதிரி பாலிஷ் போடலாமா?

வேண்டாம். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வழுவழுப்பான சுவரில் படிந்து வழியும். 80 நம்பர் உப்புத்தாள் சொரசொரப்போடு விடுங்கள். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பளபளப்பாக்கலாம், கரி ஒட்டுவது குறையும்.

பர் (கிரைண்டரில் மாட்டும் அரைமுனை) பல்லில் அலுமினியம் அப்பிக்கொள்கிறது.

அலுமினியத்துக்கென்று அகலப் பல் வைத்த பர் இருக்கிறது. மெழுகுவத்தியைத் தடவிக்கொள்ளுங்கள். முகமூடி!

ஜோபர்க்கில் (ஜோஹன்னஸ்பர்க்) காற்று மெலிசு, அதனால் போர்ட்டைப் பெரிதாகக் குடையணும் என்கிறார் மச்சான். டர்பன்காரர் உங்களுக்கு இது புரியாதாம்.

மெலிசுதான். கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,750 மீட்டர். பலத்தில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது. ஓட்டையைப் பெரிதாக்கினால் காற்று கெட்டியாகுமா? வேகம்தான் குறையும், குறைந்த சுற்றில் இழுவை போகும். கம்ப்ரெஷனை (சிலிண்டரில் காற்றை அமுக்கும் அளவு) கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். மெலிந்த காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கண்டபடி வெடித்து எஞ்சின் தட்டுவது) குறைவு. அதனால்தான் அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலிலேயே வண்டி ஓடுகிறது. ஏற்றிவிட்டு டிசம்பர் லீவுக்கு வான் ரீனன் கணவாய் இறங்கி இங்கே வந்தால் மட்டும் 95 போடட்டும்.

மச்சான்தான் எழுதுகிறேன். பெரிசாகக் குடைந்த பிறகு என் பக்கி (பிக்கப் வண்டி) பறக்கிறதே?

அப்போதே வால்வு சீட்டும் புதிதாக வெட்டினீர்கள்தானே?

ஆமாம். அதனால் என்ன?

பறப்பது அதனால்தான். முன்னால் வால்வு சரியாக மூடியிருக்காது. பழைய போர்ட் அளவிலேயே சீட்டை மட்டும் வெட்டியிருந்தால் இன்னும் நன்றாக இழுத்திருக்கும்.

அதெல்லாம் உங்கள் ஊர்க் கணக்கு.

சரி மச்சான், ராபட்டில் (டிராஃபிக் சிக்னலில்) இரண்டாம் கியரில் எடுத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

இன்டேக்கைப் பாலிஷ் போட்டால்...

மேலே படியுங்கள். மூன்றாவது ஆள் நீங்கள்.

குடைந்த ஹெட்டை அடுக்களை சிங்க்கில் கழுவலாமா? வீட்டில் காஸ்டிக் சோடா இருக்கிறது.

காஸ்டிக் அலுமினியத்தைத் தின்றுவிடும். சுடுதண்ணீரும் சோப்பும் போதும். எண்ணெய்த் துவாரங்களைப் பிரஷ் விட்டுத் தேயுங்கள். சிங்க்கைப் பொறுத்தவரை, வீட்டம்மா கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.