ஏ.எச்.ஐ. 2 என்று வந்தால் மூன்று மணிநேரம் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. சிக்னலில் கார் நின்ற நேரத்தில் ஸ்டியரிங்கிலேயே தூங்கிப்போனதால் பரிசோதனைக்குப் போனோம். ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோவது), ஏ.எச்.ஐ. 38 என்றார்கள். ஆறு வாரமாக, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று செலுத்தும் சிபாப் மெஷின் போடுகிறார். பதினொரு மணிக்கு மாட்டினால் இரண்டு மணிக்குக் கழற்றிவிடுகிறார். போன் செயலியில் ‘3 மணிநேரம், ஏ.எச்.ஐ. 2’ என்று வருகிறது. “ரெண்டுதானே, நார்மல்” என்கிறார். மெஷின் கொடுத்தவரோ போன் செய்து, நான்கு மணிநேரமாவது போடுங்கள் என்கிறார். யார் சொல்வது சரி? வீட்டில் தூங்குவதை யாரோ எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்ற எரிச்சலும் அவருக்கு இருக்கிறது. – ஒரு வாசகி, கோவை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி.

ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணிநேரத்தில் சராசரியாக எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. 5-க்குக் கீழே இருந்தால் நார்மல், 30-ஐத் தொட்டால் தீவிரம். மெஷின் காட்டும் 2, மாஸ்க் முகத்தில் இருந்த மூன்று மணிநேரத்துக்கு மட்டுமான எண். கழற்றிய பிறகு நடப்பது அதற்குத் தெரியாது. அப்போது மூச்சு பழைய 38-க்கே திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிநேரத் தூக்கத்தில் மூன்று மணிநேரம் 2, நான்கு மணிநேரம் 38. கூட்டி வகுத்தால் கிட்டத்தட்ட 23 வருகிறது. இதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான். கனவு வரும் ரெம் தூக்கம் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம். அந்த நேரத்தில் தொண்டைத் தசைகள் இன்னும் தளர்வதால் பலருக்கு மூச்சடைப்பு கூடும். உங்கள் கணவர் மெஷின் அதிகம் தேவைப்படும் பாதி இரவில்தான் அதைக் கழற்றி வைக்கிறார்.

சரி, அந்த நான்கு மணிநேரம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் ஒரு விதி உண்டு: முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான 30 நாளில் 70 சதவீத இரவுகள் நான்கு மணிநேரமாவது போட்டிருக்க வேண்டும். மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதா என்று முடிவு செய்யும் கோடு அது. நோய் அந்த இடத்தில் அடங்கிவிடும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 2007-ல் வந்த ஓர் ஆய்வில், பகல் தூக்கம் குறைந்ததாக நோயாளிகளே உணர நான்கு மணிநேரம் போதுமாக இருந்தது. அதையே பரிசோதனையில் அளந்து பார்த்தபோது ஆறு மணிநேரமும், அன்றாட வேலைகள் சீராக ஏழரை மணிநேரமும் வரை பலன் கூடிக்கொண்டே போனது. 2016-ல், இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில் சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் சராசரியாக மெஷின் போட்டது இரவுக்கு 3.3 மணிநேரம்! நான்கு மணிநேரம் முதல் படி. தூங்கும் நேரம் முழுவதும் போட வேண்டும் என்பதுதான் இலக்கு.

அடுத்து, யார் பார்க்கிறார்கள் என்ற விஷயம். மெஷின் அனுப்புவது மணிநேரம், அழுத்தம், காற்று லீக், மூச்சடைப்பு எண்ணிக்கை ஆகியவை. பேச்சும் படமும் போகாது. அவை தயாரிப்பாளரின் சர்வருக்குப் போகின்றன. அங்கிருந்து அனுமதி பெற்றவர் பார்க்கலாம். நம் ஊரில் பல சமயம் டீலர் பார்க்கிறார், மருத்துவர் பார்ப்பதில்லை. கேட்டு, மருத்துவருக்கும் அனுமதி வாங்குங்கள். இது வேண்டாம் என்றால் மெஷினில் நெட் இணைப்பை அணைத்துவிட்டு, மெமரி கார்டை மட்டும் கொண்டுபோகலாம்.

ஆனால் செயலியின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டுவதில் எனக்குத் திருப்தி இல்லை. மெஷின் தயாரிக்கும் ரெஸ்மெட் நிறுவனத்தின் மைஏர் செயலி தரும் நூறு மதிப்பெண்ணில் 70, போட்ட நேரத்துக்கே போய்விடுகிறது. எத்தனை மணிக்கு, எதனால் கழற்றினார் என்பது முழு ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது. முப்பது நாள் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அதில் முதலில் லீக் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மணிக்கு முன்னால் லீக் ஏறியிருந்தால், வாய் திறந்துகொண்டிருக்கலாம்; மாஸ்க் நழுவியிருக்கலாம். மீசை, முகத்தில் வழியும் தலை எண்ணெய் இரண்டும் மாஸ்க்கின் சிலிகோன் குஷனை முகத்தில் ஒட்டாமல் செய்யும். முகம் கழுவிவிட்டுப் போடட்டும், குஷனைத் தினமும் கழுவுங்கள். வாரை இன்னும் இறுக்குவது பலரும் செய்யும் தப்பு. இறுக்கினால் லீக் கூடத்தான் செய்யும். படுத்த நிலையில், காற்று ஓடும்போது மாட்டிச் சரிசெய்ய வேண்டும். லீக் இல்லாமல் அழுத்தம் மட்டும் ஏறியிருந்தால், அந்தக் காற்றே எழுப்பிவிட்டிருக்கலாம். அப்போது அமைப்பை மாற்ற வேண்டியது மருத்துவர். யூடியூப் பார்த்து நீங்கள் மெனுவுக்குள் போக வேண்டாம். மூக்கு காய்ந்து எழுகிறார் என்றால் காற்றை ஈரமாக்கும் ஹ்யூமிடிஃபையரைக் கூட்டிப் பாருங்கள். ஏ.சி. அறையில் குழாய்க்குள் தண்ணீர் கோத்து முகத்தில் சொட்டினால், குழாய்க்குத் துணி உறை போடலாம்.

விழித்ததும் கழற்றாமல் ஒரு தடவை மெஷினை நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். ராம்ப் வசதி வைத்திருந்தால் அழுத்தம் மெல்லத்தான் ஏறும், திரும்பவும் தூக்கம் பிடிக்கும். மாஸ்க்கே மூச்சு முட்டுவது போல இருக்கிறது என்றால், சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மெஷினை ஓடவிட்டு மாட்டிப் பழகட்டும்.

அப்புறம், உங்களுக்கும் ஒன்று. காலையில் காபியோடு “நேத்து எத்தனை மணிநேரம்?” என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவருமாகச் செயலியைத் திறந்து பாருங்கள். பகலில் கண் சொருகுவது முழுக்க நிற்கும் வரை கார் சாவி உங்களிடமோ டிரைவரிடமோ இருக்கட்டும்.