டெபாசிட் போகும் என்று தெரிந்தும் சிலர் ஏன் எம்.எல்.ஏ. தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார்கள்? வேலைக்காக வெளியூரில் இருந்துகொண்டு முதல் முறை நிற்க நினைக்கும் எனக்கு என்ன சொல்வீர்கள்?

நான் நின்றிருக்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தல், ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொகுதி. டெபாசிட் போனது, வாக்கு நோட்டாவைவிடக் குறைவு. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், தேடிக் கண்டுபிடித்துக் கீழே போட நினைப்பவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

உங்கள் கேள்வியைப் படித்தால் கையில் கொஞ்சம் சேமிப்பு, ஊரில் தீராத ஒரு பிரச்சினை, வீட்டில் எதிர்ப்பு, இந்த மூன்றும் இருக்கும் என்று தோன்றுகிறது. மூன்றாவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை, அது அவரவர் தலையெழுத்து.

பணம்தான் பெரிய தடை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். டெபாசிட் பத்தாயிரம், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளர் என்றால் ஐயாயிரம். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வாங்கவில்லை என்றால் அது திரும்பாது, போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். செலவு உச்சவரம்பு அப்போது 30.8 லட்சம், 2022இல் 40 லட்சம் ஆக்கினார்கள். நான் செலவழித்தது அந்த வரம்பின் ஓரத்தைக்கூடத் தொடவில்லை. தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவளால் கட்ட முடிந்த தொகைதான். கஷ்டம் அதில் இல்லை. "இவரை நான் முன்மொழிகிறேன்" என்று பெயர், வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைக்கப் பத்துப் பேர் வேண்டும், கஷ்டம் அங்கே இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும். நமக்குப் பத்து, அதுவும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும்.

இந்தப் பத்துப் பேர் விதிக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் நின்றார்களே, கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலும் விவசாயிகள், எங்கள் குறையை எவனும் கேட்கவில்லை என்று மொத்தமாகப் போய் மனு போட்டவர்கள். என் மாமனார் அதில் ஒருவர். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்ததால் தேர்தலையே தள்ளிவைத்தார்கள். அந்த 1033 பேரில் 88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை, அந்த 88இல் தான் இல்லை என்பதில் மாமனாருக்குக் கடைசிவரை பெருமை. அதே தேர்தலில் அன்றைய ஆந்திராவில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியிலும் 480 பேர் இப்படி நின்றார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் அதே வருடம் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை ஐயாயிரம் ஆக்கி, சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர் என்றும் வைத்தார்கள். (பத்தாயிரம் ஆனது அதற்கும் பிறகு.) மாமனார் போட்ட ஆட்டத்துக்கு மருமகள் நான் தண்டம் கட்டினேன் என்று வீட்டில் இன்றும் கேலி செய்வார்கள்.

சரி, நான் ஏன் நின்றேன்? எங்கள் பகுதியில் போர்த் தண்ணீரைப் பிடித்துக் குடத்தில் வைத்தால் சற்று நேரத்தில் மேலே எண்ணெய் மாதிரி ஏடு படியும். சாயக்கழிவு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுக்களின் ரசீதுகளே ஒரு பை இருக்கும். அந்தத் தண்ணீரைப் பற்றி எந்தக் கட்சியும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் சாயப்பட்டறை முதலாளிகள் எல்லாக் கட்சிக்கும் வேண்டியவர்கள். இதைச் சொன்னதும் "அந்தத் தொழிலை நம்பித்தானே நீங்களும் தைக்கிறீர்கள்" என்று ஒருவர் கேட்பார் என்று தெரியும். ஆமாம், நம்பித்தான் இருக்கிறேன். அதனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டுமா?

கையெழுத்து வாங்கிய கதைக்கு வருகிறேன். நன்றாகப் பழகியவர்கள், என் பிளவுஸ் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவர்கள். "உனக்கு ஓட்டுப் போடறோம் கண்ணு, கையெழுத்து மட்டும் வேண்டாம்" என்றார்கள். ஓட்டு யாருக்கும் தெரியாது, கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்கா ஒருவர் தைரியமாகப் போட்டுக் கொடுத்தார். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவர் மகன் வந்தான், நகராட்சியில் ஒப்பந்த வேலை பார்ப்பவன். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை. "அக்கா, அம்மா பேரை எடுத்துருங்க. காண்ட்ராக்டர் கேட்டுட்டாருங்க" என்றான். வைத்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் காண்ட்ராக்டருக்கு எப்படித் தெரிந்தது? அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டு என்ன பிரயோஜனம், அவன் முகமே செத்துப்போயிருந்தது. அவன் கண்முன்னாலேயே படிவத்தைக் கிழித்தேன். காலையில் புதுப் படிவம், புதிதாக ஆள் தேடல்.

எடுத்ததே நல்லது. தாக்கல் செய்த பிறகு முன்மொழிந்த ஒருவர் "அது என் கையெழுத்து இல்லை" என்று பரிசீலனையில் சொன்னால் மனு அவ்வளவுதான். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலுக்கே அப்படித்தான் ஆனது. முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்து எங்களுடையது இல்லை என்றார்கள், மனு தள்ளுபடி. அவ்வளவு பெரிய நடிகருக்கே அந்த நிலை, நாம் எந்த மூலைக்கு? அதனால் ஒரு வேட்பாளர் நான்கு மனுவரை தாக்கல் செய்யலாம் என்பதை மறக்காதீர்கள், டெபாசிட் ஒன்றே போதும். வேறு பத்துப் பேரை வைத்து இரண்டாவது செட் ஒன்று கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தேன். அப்புறம், சொத்து, வழக்கு விவரம் எல்லாம் எழுதும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள், ஒன்றும் இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். உறுதிமொழி எடுப்பதையும் தள்ளிப்போடாதீர்கள், பரிசீலனை நாளுக்கு முன்பே முடித்தாக வேண்டும்.

மார்ச் 20 பரிசீலனை, 22 வாபஸ் வாங்கக் கடைசி நாள். 21ஆம் தேதி சாயங்காலம் வெள்ளை வேட்டியில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன். காப்பி கொடுத்தேன், குடித்தார்கள். "அம்மிணி, நீங்க நின்னா எங்களுக்கு ஒண்ணும் ஆகிடாதுங்க, இருந்தாலும் தலைவர் ஒரு வார்த்தை பேசிட்டு வரச் சொன்னாருங்க" என்று ஆரம்பித்து, என் பையன் படிப்பு, வேலை என்று எங்கெங்கோ போனார்கள். ஒன்றும் ஆகாது என்றால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. ஆனால் மறுநாளே ஊரில், எதிர்க்கட்சி காசு கொடுத்து என்னை நிறுத்தியிருக்கிறது என்று பேச்சு. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது இதனால்தான். சுயேச்சை என்றாலே வாக்கைப் பிரிக்க வந்தவர், யாரோ நிறுத்தியவர். அப்படி நிற்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒரே பெயரில் ஆள் பிடித்து நிறுத்துவதும் உண்டு, 2024இல் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்துக்கு எதிராக அதே பெயரில் ஐந்து பேர் நின்றார்கள். பெரிய கட்சிக்குக் கூடுதல் வண்டி அனுமதியும் பூத்தில் கூடுதல் ஆளும் கிடைக்க வேண்டும் என்றே நிறுத்தப்படுபவர்களும் உண்டு. அதற்காக எல்லோரையும் ஒரே கோணியில் கட்டலாமா?

பிரச்சாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சின்னம் கிடைப்பதே வாபஸ் நாள் மாலையில்தான். நான் தையல் இயந்திரம் கேட்டேன், இன்னொருவரும் கேட்டார், சீட்டுக் குலுக்கியதில் அவருக்குப் போனது, எனக்குக் கேரம் போர்டு. ஏப்ரல் 4 மாலை பிரச்சாரம் முடிந்துவிடும், அதற்குள் ஒரு கேரம் போர்டை எத்தனை பேர் மனதில் பதிய வைக்க முடியும்? வாக்குப்பதிவு மிஷினில் சுயேச்சைகளின் பெயர் கட்சிக்காரர்கள் எல்லோருக்கும் கீழேதான் வரும். கரூரில் அந்தத் தடவை 77 பேர் நின்றார்கள், அங்கே கடைசியில் இருந்த மனிதரை நினைத்தால் எனக்கு என் நிலைமையே பரவாயில்லை. வாக்காளர் பட்டியலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்குத்தான் இலவசம், நாம் காசு கட்டி வாங்க வேண்டும். பூத் முந்நூறுக்கு மேல், எனக்கு ஏஜென்டாக உட்கார ஆள் கிடைத்தது எங்கள் பகுதியில் மட்டும்.

தேர்தல் முடிந்தால் விட்டது என்று நினைக்காதீர்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் நிற்கத் தடை வரும். 2021 மே 2 வாக்கு எண்ணிக்கை, 10ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. டீக்கடை ரசீதிலிருந்து ஆட்டோ வாடகைவரை பையில் கட்டிக்கொண்டு, போலீஸ் நிறுத்திய இடமெல்லாம் "வேட்பாளருங்க, கணக்குக் கொடுக்கப் போறேன்" என்று சொல்லிப் போனேன். ஒரு கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார், தேர்தல்தான் முடிஞ்சிருச்சேம்மா என்று.

தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும், மனு போடுவதற்கு ஒரு நாளாவது முன்னால். தொடங்கினேன். தேர்தல் முடிந்து மூடப் போனால் இன்று மேனேஜர் லீவு, நாளை சர்வர் டவுன், அடுத்த வாரம் வாருங்கள் என்றே இழுத்தார்கள், அதற்குள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மாதாமாதம் பிடித்தம் வேறு. எனக்கு ஒன்று புரியவில்லை. பாஸ்புக் பதியும் மிஷின் என்று ஒன்றை வாசலில் வைத்து அதன் மேல் "பழுது" என்று அட்டை மாட்டுவதற்குப் பதிலாக, முன்பு மாதிரி ஓர் ஆளையே உட்கார வைக்கலாமே? படிக்கத் தெரியாத பாட்டிகள் முதியோர் பென்ஷன் வந்ததா என்று பார்க்க வரிசையில் நின்று, மிஷின் ஓடவில்லை என்று திரும்பிப் போகிறார்கள். அந்த வங்கியின் விளம்பரத்தில் மட்டும் பாட்டி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஜெயிக்க வாய்ப்பு? 2016இலும் 2021இலும் 234 தொகுதியில் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. அப்புறம் என்னதான் கிடைத்தது என்றால், பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தி, மைக்கைப் பிடித்துத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர் குடத்தை வாங்கிப் பார்த்தார். அதற்கு முன் நாங்கள் கொடுத்த எந்த மனுவுக்கும் அது நடக்கவில்லை. தண்ணீர் இன்னும் சரியாகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்கள் மைக்கில் பேசியதைப் பையன்கள் போனில் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மனுவோடும் அதைக் காட்டுகிறோம்.

என்னை முன்மொழிந்த முதல் செட் பத்துப் பேரும் ஒரே பூத். பூத்வாரியாக வந்த முடிவைப் பார்த்தால் அந்த பூத்தில் எனக்கு ஏழு வாக்கு. யார் அந்த ஏழு, யார் அந்த மூன்று என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கையெழுத்துப் போட்டதே எனக்குப் பெரிது.

உங்களுக்கு இன்னொன்று. வேலைக்காக வெளியூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனு போடுவதைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் பெயர் எந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எந்தப் பட்டியலில் பெயர் இருந்தாலும் எந்தப் பொதுத் தொகுதியிலும் நிற்கலாம், ஆனால் நிற்கும் தொகுதி வேறு என்றால் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தின் சான்றிட்ட நகலை மனுவோடு வைக்க வேண்டும். அதைத் தாலுகா ஆபீசில் முன்னதாகவே வாங்கி வையுங்கள், மனுத் தாக்கல் வாரத்தில் அங்கே யாரையும் பிடிக்க முடியாது.