தவறான மொழியியல் கோட்பாட்டை ஸ்டாலினே நீக்கினாரே, அது நல்லதுதானே?

நீக்கப்பட்ட கோட்பாடு தவறானதுதான். ஆனால் நீக்கிய விதத்தை நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோட்பாட்டை உருவாக்கிய சோவியத் மொழியியலாளர் நிக்கலாய் மார் சாதாரண ஆள் இல்லை. ஜார்ஜிய, ஆர்மீனிய மொழிகளில் பெரும் புலமை உள்ளவர். பிற்காலத்தில், உலக மொழிகள் எல்லாவற்றின் சொற்களும் சால், பெர், யோன், ரோஷ் என்ற நான்கு ஒலிக்கூறுகளிலிருந்து வந்தவை என்று சொல்ல ஆரம்பித்தார். சான்று கிடையாது. மொழி வர்க்கத்தைச் சார்ந்தது என்றும் சேர்த்துச் சொன்னதால் அரசின் ஆதரவு கிடைத்தது. 1934இல் அவர் இறந்த பிறகும் சோவியத் கல்வித்துறையில் அதை மறுத்துப் பேசுவது ஆபத்தாகவே இருந்தது.

1950 மே மாதம் அர்னோல்ட் சிக்கோபாவா என்ற ஜார்ஜிய அறிஞர், கம்யூனிஸ்ட் கட்சியின் நாளிதழான பிராவ்தாவில் மாரை மறுத்து எழுதினார். ஜூன் 20இல் ஸ்டாலினே எழுதினார்: மொழி வர்க்கத்துக்கு உரியதல்ல, மார் சொன்னது பிழை. அவ்வளவுதான். நேற்றுவரை மாரைப் போற்றியவர்களில் சிலர் சில வாரங்களிலேயே அதே பத்திரிகையில் கருத்தை மாற்றிக்கொண்டு எழுதினார்கள். இடையில் புதுச் சான்று எதுவும் வரவில்லை. வந்தது ஓர் ஆணை.

நான் இருப்பது பாலக்காட்டுப் பக்கம், கொழிஞ்சாம்பாறையில். இங்கே தமிழும் மலையாளமும் பற்றிய சண்டை ஓயாது. எங்கள் வாசகசாலைக்கு வரும் மலையாள மாஷ் (ஆசிரியர்) ஒருவர், "தமிழ் எங்களுக்கு அம்மையல்ல, சேச்சி" என்பார்; தாயல்ல, அக்காதான் என்று அர்த்தம். மலையாளம் தமிழிலிருந்து பிரிந்த கிளை என்று 1856இல் கால்டுவெல் எழுதியதை நான் எடுத்து வைப்பேன். அவர் ஒன்பதாம் நூற்றாண்டு வாழப்பள்ளிச் செப்பேட்டை எடுப்பார். அதன் மொழி பழைய மலையாளமா, மேற்குக்கரைத் தமிழா என்று அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. அப்புறம் வினைமுற்று விகுதிகளில் இறங்கினால் வாசகசாலை மூடும்வரை போகும். நான் சொல்வதுதான் சரி என்று நாளை ஒரு முதலமைச்சர் அறிவித்தாலும் எனக்கு அது வெற்றி ஆகாது. மாஷின் கேள்விகள் அப்படியே நிற்கும்.

மாரை எதிர்த்த சோவியத் மொழியியலாளர் யெவ்கேனி பொலிவானோவுக்கு இப்படி வாதாட இடம் கிடைக்கவில்லை. அவரும் புரட்சிக்கு உழைத்தவர்தான்; ஜப்பானிய மொழியில் பெரிய நிபுணர். மாரின் கோட்பாடு நிற்காது என்று 1929இலேயே மாஸ்கோவில் சபையறியச் சொன்னார். விளைவு, மைய ஆசியாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அங்கும் உஸ்பெக், துங்கான் மொழிகளை ஆராய்வதை அவர் விடவில்லை. 1937இல் ஜப்பானிய உளவாளி என்று கைது செய்து, 1938 ஜனவரி 25இல் சுட்டுக் கொன்றார்கள். குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது 1963இல்.

மாரின் கோட்பாடு பிழை என்று பிராவ்தாவில் ஸ்டாலின் எழுதியபோது, அதை முன்பே சொன்ன இந்த மனிதர் இறந்து 12 ஆண்டு ஆகியிருந்தது. கொன்றதும் அதே ஆட்சிதான். ஜப்பானியச் சொற்களை ரஷ்ய எழுத்தில் எழுத அவர் வகுத்த முறையை ரஷ்யர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இதைப் பற்றி மேலும் படிப்பதானால், ஸ்டாலின் கட்டுரையை அப்புறம் பாருங்கள். முதலில் பொலிவானோவைத் தேடிப் படியுங்கள்.