அம்மா ஏறிய படிகள்

வணக்கம் ஐயா,

குடியாத்தம் எனக்குச் சொந்த ஊர், வேலை பெங்களூரில். போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சோளிங்கர் நரசிம்மர் மலைக்கோயிலுக்கு அழைத்துப் போனேன். வயது 63, முழங்கால் வலி வேறு. ரோப் காருக்கு டிக்கெட் எடுக்கிறேன் என்றேன். “நீ வேணா அதுல வா” என்று சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கிவிட்டார். 1305 படிகள். மேலே போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தவர் அவர். பட்ட கஷ்டமெல்லாம் போதாதா? சாமி கேட்டதா இதை? மனிதர்கள் ஏன் வலியப் போய்க் கஷ்டத்தை வாங்கிக்கொள்கிறார்கள்? கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும். பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் முழங்காலை நினைத்து வந்த கோபத்துக்கு மன்னிப்பு எதற்கு?

சாமி கேட்டதா என்கிறீர்கள். சோளிங்கரின் பழைய பெயர் திருக்கடிகை. ஒரு கடிகை, அதாவது 24 நிமிடம், அந்த மலையில் இருந்தாலே முக்தி என்பது ஐதீகம். அப்படிப் பார்த்தால் சாமி கேட்பது 24 நிமிடம்தான். மூன்று மணி நேரம் அம்மாவாகக் கொடுத்தது. 2024இல் ரோப் கார் வந்த பிறகும் அம்மாவைப் போன்றவர்கள் படியேறுவதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்கிறேன். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசு, அதாவது அர்ச்சுனன் தவம் செய்யும் கட்டம், நடக்கும் அன்று ஊர்வெளியில் உயரமான மரத்தை நட்டிருப்பார்கள். ஏறுவதற்குக் குறுக்கே கட்டைகள், உச்சியில் சின்னப் பரண். காவி கட்டி, சடைமுடி வைத்த அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப்புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழம் மடியில் விழ வேண்டும் அவர்களுக்கு.

நான் மரத்தடியில் நின்றிருந்தேன். அவருடைய பாதம் என் முகத்துக்கு நேரே இருந்தது. கட்டையைப் பிடித்த பெருவிரல் நடுங்கிக்கொண்டே இருந்தது. குதிகால் வெடிப்பில் சிமெண்ட் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கட்டட வேலைக்குப் போகிறவர், வாரம் முழுக்கச் சாரத்தில் கல் சுமந்து ஏறுகிறவர். அன்று காலையிலிருந்து பட்டினி. மறுநாள் டீக்கடையில் அப்பா அவரிடம், “ஏன்யா, தினமும் ஏர்றது பத்தலையா?” என்று கேட்டார். “சாரத்துல மேஸ்திரி ஏறச் சொல்லி ஏர்றேண்ணே. இது நானா ஏர்றது” என்றார்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் குதிகால்தான் நினைவுக்கு வந்தது.

பீடி சுற்றும் வீடுகளை எனக்கும் தெரியும். மடியில் முறம், கத்தரி, நனைத்த இலை, தூள், நூல். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றியது சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துவிட்டால் அந்த உழைப்பு போனதுதான். வேண்டாம் என்று அம்மா ஒருநாள் எழுந்திருக்க முடிந்திருக்குமா? உங்கள் பள்ளிக்கூட ஃபீஸ் இருந்ததே. அந்தக் கஷ்டத்தில் அவர் கையில் எதுவும் இல்லை. எத்தனை பீடி, எத்தனை மணிக்கு, எவ்வளவு கூலி, எல்லாம் வேறு யாரோ வைத்தது. படியில் அப்படி இல்லை. இன்று ஏறலாம், பாதியில் உட்காரலாம், முடியாவிட்டால் திரும்பலாம். யாரும் கழித்துவிட முடியாது. “நீ வேணா அதுல வா” என்று அவர் சொன்னதை மறுபடி யோசித்துப் பாருங்கள். அந்தக் குரலில் அவர் இதற்கு முன் எத்தனை தடவை பேசியிருப்பார்?

கஷ்டம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லியே இந்த ஜில்லாவில் எத்தனை பெண்களின் முதுகை ஒடித்திருக்கிறார்கள்! தோல் ஷெட்டிலும் செங்கல் சூளையிலும் வதங்குகிறவர்களிடம் போய் அதைத் தவம் என்று ஒருவர் சொன்னால், அவரை நான் நம்பமாட்டேன். அடுத்தவர் தலையில் ஏற்றுகிற சுமைக்கு அந்தப் பெயர் கிடையாது. ஆனால் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களில் பலர் வாரமெல்லாம் நின்றே வேலை செய்கிறவர்கள். கால் வலி என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தெரிந்துதான் நடக்கிறார்கள்.

சரி, முழங்கால் விஷயம். அதை நானும் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கார்த்திகைக்கு முன் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஏற வேண்டாம் என்று அவர் சொன்னால், அதை அம்மாவிடம் அவரே சொல்லட்டும். ஏறலாம் என்றால், விடிவதற்கு முன்பே தொடங்குங்கள். தண்ணீரை நீங்கள் தூக்குங்கள். குரங்கை விரட்ட ஒரு குச்சியும் வேண்டும். இறங்கும்போதுதான் முட்டிக்கு வலி அதிகம். அதற்கு மட்டும் ரோப் காரில் வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். ஏறுவதாகத்தானே வேண்டியிருப்பார், ஒருவேளை சரி என்பார்.