வாசகர் கேள்வி பதில்: டைல்களை ஒழித்தது சரிதானா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்காளன். என் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதன் ஸ்டார்ட் மெனுவில் வங்கி வேலைகளுக்கு ஒரு தொகுதி, பத்திரிகைகள் படிக்க ஒரு தொகுதி, கடிதங்களுக்கு ஒரு தொகுதி எனப் பிரித்து, தலைப்பிட்டு டைல்களை (செயலிகளைத் திறக்க உதவும் கட்டங்களை) அடுக்கியிருக்கிறேன். விண்டோஸ் 11-க்கு மாறினால் இந்த அடுக்கு அப்படியே வந்துவிடுமா?
– வாசகர், மாதுங்கா

பதில்: வராது. மாற்றத்தின்போது தலைப்பிட்ட தொகுதிகளும், நீங்கள் மெனுவில் பொருத்தி வைத்தவையும் கைவிடப்படுகின்றன. தகவலைத் தானே புதுப்பித்துக் காட்டும் லைவ் டைல்கள் விண்டோஸ் 11-இல் அறவே கிடையாது. ஒரே அளவுள்ள ஐகான்களை வரிசையாகப் பொருத்திக்கொள்ளலாம். 2022-இல் வந்த மேம்பாட்டுக்குப் பின் அவற்றை ஃபோல்டர்களில் சேர்த்துப் பெயரிடவும் முடிகிறது. தங்கள் மூன்று தொகுதிகளையும் மூன்று ஃபோல்டர்களாக்கினால் ஓரளவு ஈடுகட்டலாம். ஆனாலும் பெரியதைப் பெரிதாகவும் சிறியதைச் சிறிதாகவும் வைத்து, படிக்காமலே இடத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி திரும்பாது. அந்த இழப்பு உண்மையானது என்றே நானும் கருதுகிறேன். எனினும் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு (பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்து அனுப்புவது) 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. வங்கி வேலை பார்க்கும் கணினியில் டைல்களுக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: நான் இடைமுக வடிவமைப்புப் படிக்கும் மாணவி. எங்கள் வகுப்பில் தோல்விக்கு உதாரணமாக விண்டோஸ் 8-ஐத்தான் காட்டுகிறார்கள். டைல் என்ற எண்ணமே தவறானதா?
– வாசகி, செம்பூர்

பதில்: எண்ணம் தவறானது அல்ல, அதை வைத்த இடமும் திணித்த விதமும்தான் தவறு. நம் மும்பையின் தாதர் ரயில் நிலையத்தில் நிற்பவர் அடுத்த வண்டி எது, ஃபாஸ்டா ஸ்லோவா என்று யாரையும் கேட்காமல் இண்டிகேட்டர் பலகையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறாரே, லைவ் டைலின் நோக்கமும் அதுதான்: செயலியைத் திறக்காமலே வேண்டிய செய்தி கண்ணில் பட வேண்டும். 2010-இல் விண்டோஸ் போன் 7 இந்த முறையுடன் வந்தபோது, கைபேசியின் சிறிய திரையில் அது மிகப் பொருத்தமாகவே இருந்தது.

2012 அக்டோபர் 26 அன்று வெளியான விண்டோஸ் 8, அதே அமைப்பை மேசைக் கணினியின் முழுத் திரைக்கும் விரித்தது. விண்டோஸ் 95 முதல் பழகியிருந்த ஸ்டார்ட் பட்டன் மறைந்தது. கணினியை அணைப்பதற்குக்கூடத் திரையின் வலது ஓரத்திலிருந்து ஒரு பட்டையை வரவழைத்து, அதனுள் செட்டிங்ஸைத் தேட வேண்டியிருந்தது. என் பார்வையில் இதைவிடப் பெரிய குறை வேறு. பாதி எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு இன்னொரு செயலியைத் திறக்கப் போனால், டைல் திரை அந்தக் கடிதத்தை முழுவதுமாக மூடிவிடும். பழைய மெனு ஒரு மூலையை மட்டுமே மறைத்தது என்பதால், செய்துகொண்டிருந்த வேலை கண்ணைவிட்டு அகலவில்லை. அலுவலக வேலை செய்பவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. மேலும், விரலுக்கென்று அகலமாக்கிய கட்டங்களிடையே மவுஸ் நெடுந்தூரம் பயணிக்க வேண்டியிருந்தது. செங்குத்தாக நிற்கும் திரையை நாள் முழுவதும் கையை நீட்டித் தொட்டுக்கொண்டிருக்கவும் யாராலும் முடியாது.

அதிகம் பேசப்படாத ஒன்றையும் உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். விண்டோஸ் ஸ்டோர் வழியாக வந்த புதிய வகைச் செயலிகளுக்கு மட்டுமே டைல் உயிருடன் இயங்கியது. வேர்டு, எக்செல், டாலி என அலுவலகங்கள் உண்மையில் நம்பியிருந்த டெஸ்க்டாப் நிரல்களின் டைல்களோ ஒரு ஐகானும் பெயரும் மட்டும் தாங்கிய வண்ணக் கட்டங்களாகவே நின்றன. அதாவது, பெரிய இடத்தை எடுத்துக்கொண்டவை எதையும் சொல்லவில்லை. செய்தி சொன்னவையோ அலுவலகத்தில் தேவைப்படாதவை. இந்த நிலையில் பயனர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை.

2013 அக்டோபரில் விண்டோஸ் 8.1 ஸ்டார்ட் பட்டனைத் திருப்பித் தந்தது. 2015-இல் விண்டோஸ் 10 டைல்களை மெனுவுக்குள் அடக்கியது. நான் நியாயமான ஏற்பாடாகக் கருதுவது இதைத்தான்: பெயர்ப் பட்டியல் இடப்பக்கம், டைல்கள் வலப்பக்கம், பின்னால் வேலை தெரிந்தபடியே இருக்கும். இவ்வளவு பக்குவப்பட்ட பின் 2021-இல் விண்டோஸ் 11 அதை அடியோடு நீக்கி, செய்தி காட்டும் வேலையைத் தனி விட்ஜெட் (தகவல் காட்டும் சிறு கட்டம்) பலகைக்குத் தள்ளிவிட்டது. கேட்டால்தான் திறக்கும் பலகையில் செய்தி இருந்து என்ன பயன்? முன்பிருந்த குற்றம் திணிப்பு. அதற்கான தண்டனை டைலுக்குக் கிடைத்தது.

கேள்வி: ஊரிலிருந்து வரும் அம்மாவுக்கு டேப்லெட் வாங்கப்போகிறேன். அவருக்கு எது எளிது, டைலா ஐகானா?
– வாசகி, டோம்பிவிலி

பதில்: கையில் வைத்து விரலால் இயக்கும் கருவியில் பெரிய கட்டமே எளிது. 2021-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 முதல் ஐபேடின் முகப்பில் விட்ஜெட்டுகளை ஐகான்களுக்கு இடையிலும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் இவ்வசதி நெடுங்காலமாக உண்டு. நாட்காட்டி, வானிலை, குடும்பப் படங்கள் ஆகியவற்றுக்குப் பெரிய விட்ஜெட்டும், வீடியோ அழைப்புக்கு ஓர் ஐகானும் முதல் பக்கத்தில் போதும். தமிழை மொழியாகத் தேர்ந்தெடுத்தால் நீளமான பெயர்கள் ஐகானுக்குக் கீழே பாதியில் வெட்டப்படக்கூடும். வாங்குமுன் கடையிலேயே மொழியை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, அம்மாவையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.