ஸ்டாப்பருக்கு எந்த ஊர் விசா?

கேள்வி: இந்திய ஃபுட்பால் டீமின் டிஃபெண்டர் சந்தேஷ் ஜிங்கன் குரோஷியா போய் ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பி வந்தார். நம்ம டிஃபெண்டர்களுக்கு ஐரோப்பா சரிப்படாது என்று ஒத்துக்கொள்ளலாமே சார்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஒத்துக்கொள்ள மாட்டேன். 2021 ஆகஸ்டில் அவர் சேர்ந்தது ஷிபெனிக் கிளப்பில், அப்போது அது குரோஷியாவின் முதல் டிவிஷனில் இருந்தது. போன கொஞ்ச நாளிலேயே கெண்டைக்காலில் காயம், 2022 ஜனவரியில் தன் பழைய கொல்கத்தா கிளப்பான ஏடிகே மோகன் பகானுக்கே திரும்பிவிட்டார். ஆடிக் கோட்டை விட்டிருந்தால் சரிப்படாது என்று சொல்லலாம், ஆடவே இல்லையே!

இதில் ஸ்டாப்பருக்கென்று, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டருக்கென்று, ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. புது ஃபார்வர்டைக் கடைசி இருபது நிமிடம் இறக்கிப் பார்க்கலாம், அடித்தால் லாபம். பின்வரிசை அப்படியில்லை, நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே எப்போது ஏறணும் எப்போது இறங்கணும் என்று பழகியிருப்பார்கள், ஆஃப்சைடு லைனில் ஒருத்தர் ஓரடி பின்தங்கினாலும் கோல்தான், அதனால் டீம் ஓரளவு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தக் கோச்சும் அதில் கை வைக்க மாட்டார். அப்புறம் மொழி. "ஏறு", "விடு", "பின்னாடி ஆள்" என்று கத்துவதுதான் ஸ்டாப்பருக்குப் பாதி வேலை. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபெக்குக்குப் போனார், லீக் மேட்சில் இறங்க 2016 ஆனது. காத்திருக்கிற வயசு அவருக்கு இருந்தது. ஜிங்கன் போனபோதே 28.

கேள்வி: என் அக்கா மகனுக்கு 17 வயசு, நல்ல உயரம், ஸ்டாப்பராக ஆடுகிறான். போர்ச்சுகலில் டிரையல், செலெக்‌ஷன் நிச்சயம் என்று ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். அக்கா நகையை வைக்கத் தயாராகிவிட்டார். அனுப்பலாமா?
- தாய்மாமன் ஒருவர், வில்லியனூர்

பதில்: முதலில் நகையை வீட்டுக்குள் வையுங்கள். 18 வயசு ஆகாத பையனை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு கிளப் பதிவு செய்ய ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு, பெற்றோர் ஃபுட்பாலுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக அங்கே குடிபோனால் ஒன்று, ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே மாறுகிற 16 வயசுப் பையன்களுக்கு ஒன்று. வில்லியனூர்ப் பையனுக்கு இரண்டுமே பொருந்தாது. ஆக, இன்று அவர் தருகிற "நிச்சயம்" எதற்கு நிச்சயம்? டூரிஸ்ட் விசாவில் போய் ஏதோ ஒரு மைதானத்தில் ரெண்டு வாரம் பயிற்சி எடுத்து, ஜெர்சியோடு போட்டோ பிடித்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

அந்த ஏஜென்டிடம் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 அக்டோபரிலிருந்து பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்தான் இந்த வேலையைச் செய்யலாம், பெயரை ஃபிஃபா தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அழைப்புக் கடிதம் காட்டினால் அதிலிருக்கும் நம்பரை விட்டுவிட்டு, கிளப்பின் சொந்தத் தளத்தில் இருக்கும் முகவரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். ஒரு கிளப்புக்கு ஆள் உண்மையாகவே வேண்டுமென்றால் செலவு அவர்களுடையது.

கிளப்புக்குப் பிடித்தாலும் அரசாங்கம் விடணும், அது வேறு. சுனில் சேத்ரியை 2009-இல் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்கத் தயாராக இருந்தும் ஒர்க் பர்மிட் கிடைக்கவில்லை. இந்தியா உலகத் தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லை என்பதுதான் காரணம். சேத்ரிக்கே அந்தக் கதி. பையன் இப்போதைக்கு சென்னை லீக்கில் ஒரு டீமைப் பிடிக்கட்டும். மாநில டீம்கள் மோதும் சந்தோஷ் டிராபிக்குப் புதுச்சேரி தனி டீம் அனுப்புகிறது, தமிழ்நாட்டுப் பையன்களோடு போட்டிபோடாமல் அதில் இடம் கேட்கலாம். எந்த நாடு என்பது அப்புறம், வாரா வாரம் 90 நிமிடம் ஆடுகிறானா என்பதுதான் இந்த வயசில் விஷயம்.

கேள்வி: சித்தப்பா மகன் பாரிஸ் பக்கம் ஒரு கிளப்பில் ரைட் பேக், வலப்பக்க டிஃபெண்டர். வயசு 22. பிரெஞ்சு குடியுரிமை. இந்தியாவுக்கு ஆட முடியுமா?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: 1962-இல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம் போலிருக்கிறது. நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு இந்தக் கேள்வி உண்டு. இந்திய டீமுக்கு இந்திய பாஸ்போர்ட் கட்டாயம், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை போதாது, இரட்டைக் குடியுரிமையும் இங்கே கிடையாது. ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு 2025-இல் ரயன் வில்லியம்ஸ் வந்தாரே, அதுதான் வழி. ஓசிஐ வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்கணும், விண்ணப்பிக்கும் முன் ஒரு வருடம் இங்கேயே தங்கியிருக்கணும்.

ஆனால் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் ரைட் பேக்கை ஐரோப்பிய ஒன்றியத்தில் எந்த நாட்டு கிளப்பும் விசா இல்லாமல், வெளிநாட்டு ஆள் கணக்கில் சேர்க்காமல் எடுத்துக்கொள்ளலாம். 22 வயசில் அதை விடுவது வீண். முப்பதைத் தாண்டினால் யோசிக்கட்டும்.

கேள்வி: பையன் தினமும் தலையால் முட்டியே பழகுகிறான். மூளைக்கு ஆபத்தா?
- ஓர் அம்மா, நெல்லிக்குப்பம்

பதில்: கவலை நியாயமானது. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் முன்னாள் ஸ்காட்லாந்து வீரர்களை ஆராய்ந்ததில், மூளை சிதையும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு இருந்தது. அந்த நோய்கள் வரும் வாய்ப்பு டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம், ஏறக்குறைய ஐந்து மடங்கு. இங்கிலாந்தில் 2021-இலிருந்து வயது வந்த வீரர்களுக்கே பயிற்சியில் வாரம் பத்து பலமான ஹெட்டர் போதும் என்று வழிகாட்டுதல் வைத்திருக்கிறார்கள். கோச்சிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், லெஃப்ட் பேக். பெண்களுக்கு வெளிநாட்டில் வாய்ப்பு இருக்கிறதா அண்ணா?
- மாணவி, மஞ்சக்குப்பம்

பதில்: இந்திய டீமுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் ஊரிலிருந்து இப்படித் தயங்கிக் கேட்கலாமா! பாலா தேவி 2020-இல் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸுக்கு ஆடினார். மனிஷா கல்யாண் சைப்ரஸின் அப்போலோனுக்காக மகளிர் சாம்பியன்ஸ் லீக்கிலேயே இறங்கினார். இவர்கள் முன்வரிசை, உண்மைதான். டிஃபெண்டர் ஆஷாலதா தேவி அதற்கும் முன்பே, 2015-இல், மாலத்தீவுக்குப் போய் ஆடியிருக்கிறார்.

வீடியோ அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். ஃபார்வர்டுக்கு ரெண்டு நிமிடக் கோல் தொகுப்பு போதும், லெஃப்ட் பேக்குக்கு அது பத்தாது, ஏனென்றால் பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீங்கள் இந்தப் பக்கம் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் கோச் பார்ப்பார். கேலரியின் உச்சியில் ஒரு தோழியை நிறுத்தி, மைதானத்தின் அகலம் முழுக்கத் தெரிகிற மாதிரி முழு மேட்சையும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தோற்ற மேட்ச் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.